ஒரு கைப்பிடி குறைந்த கலயம்

எங்கள் கத்தோலிக்கக் கோயிலுக்குப் பின்னால், எரிக்கப்பட்டவர்களின் சாம்பலை வைக்கப் போன வருடம் ஒரு சுவர் கட்டினார்கள். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மாடங்கள். கல்லறையில் இடம் தீர்ந்துபோனதால் இந்த ஏற்பாடு. என் மனைவி அமுதவல்லிக்கு அது பிடித்துப்போனது.

"என்ன எரிச்சு இங்க வச்சிடுங்க. பூசைச் சத்தம் கேட்டுகினு கெடப்பேன்" என்றாள்.

போன மாதம் செத்துப்போனாள். கடலோரக் குப்பத்துப் பெண். என்னைக் கட்டிக்கொள்ள ஞானஸ்நானம் வாங்கியவள். இருபத்தாறு வருடம், சனிக்கிழமை தவறாமல் பீடத்துக்குப் பூ ஜோடித்தவள்.

சுடுகாட்டில் அவள் தம்பி அம்மாவாசை கேட்டான்: "மாமா, ஒரு கைப்பிடி குடுங்க. அக்காவ கடல்ல உட்டுட்டு வந்துடறேன். இல்லன்னா எங்கம்மா சோறு திங்காது."

கொடுத்தேன். தப்பாகத் தோன்றவில்லை.

கோயில் படிவத்தில் 'சாம்பல் முழுவதும் உள்ளதா?' என்று கேட்டிருந்தது. நடந்ததை அப்படியே எழுதினேன். கோயில் நிர்வாகம் பார்க்கும் பங்குப்பேரவைச் செயலாளர் லூர்துசாமி படித்துவிட்டுத் தாளைத் திருப்பித் தள்ளினார்.

"சாம்பலப் பிரிக்கக் கூடாது சவரி. சட்டம்."

"ஒரு கைப்பிடிதாங்க."

"ஒரு சிட்டிகைன்னாலும் சட்டம்தான். இத எதுக்குய்யா எழுதுன? எழுதலன்னா எவனுக்குத் தெரியும்? வேற தாள் தரேன், 'ஆம்'னு போட்டுக் குடு."

"கோயில்ல உக்காந்துகினு பொய் எழுதச் சொல்றீங்களா?"

"அப்ப எடுத்துட்டுப் போ."

வாசலில் நின்ற அம்மாவாசைக்கு எல்லாம் கேட்டுவிட்டது. "மாமா, நான் கரைக்கவே இல்ல, திருப்பிக் கலயத்துலயே போட்டுட்டேன்னு வந்து சொல்லிடறேன். அக்காவுக்கு எடம் கெடைக்கணும்ல?"

"கும்புட்டு உட்டத இல்லன்னு சொல்லுவியா? வேணாம் போ."

ஞாயிற்றுக்கிழமை சாம்பல் கலயத்தோடு பூசைக்குப் போனேன். மூன்றாவது வரிசை ஓரம் அவள் இடம். அங்கே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். லூர்துசாமி ஓடி வந்தார்.

"என்னய்யா இது?"

"பூசை பாக்க வந்திருக்கா. எப்பவும் வர்றவதான?"

"எத்தன வாரத்துக்கு இந்தக் கூத்து?"

"நீங்க மாடத்தத் தொறக்குற வரைக்கும்."

அவர் கலயத்தை எடுக்கக் குனிந்தார். அமுதவல்லியோடு பூ ஜோடித்துவந்த வினோதா, பின்வரிசையிலிருந்து எழுந்து வந்து அவருக்கும் கலயத்துக்கும் நடுவில் நின்றாள்.

"தள்ளுங்க சார். எங்க அமுதக்கா பக்கத்துல நான் உக்காரணும்."

மணி அடித்தது. எல்லோரும் எழுந்து நின்றோம். லூர்துசாமி மட்டும் தன் இடத்துக்குப் போகாமல் நடைபாதையிலேயே நின்றார்.