ஒரு ஆளுக்கு ஒரு தாய்

உம்மாவின் தோளில் கடைசித் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தபோது அந்த அலுவிகாரை வீட்டில் இருந்த போன்களெல்லாம் ஒன்றாகச் சிணுங்கின. கூட நின்று குளிப்பாட்டிய மாமா மகள் ஜெஸ்லா, "மய்யத்தக் கூட நிம்மதியாக் கழுவ உடுறாங்க இல்லயே" என்று முணுமுணுத்தாள்.

கபன் துணி சுற்றி, முகத்தை மட்டும் திறந்து வைத்துவிட்டு வந்துதான் நிஷ்மியா போனைப் பார்த்தாள். ஜனாஸா அறிவித்தல். 'மஸூதா வபாத்தானார். அஸர் தொழுகைக்குப் பின் நல்லடக்கம். பிள்ளைகள்: பவாஸ், நிஷ்மியா.' யஹ்யாவின் பெயர் இல்லை. 

அதை எந்த மனிதனும் எழுதவில்லை. அவளுக்கு மூத்த நானா பவாஸின் புரோகிராம் எழுதியது. கொழும்பில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் அந்தத் துரை, லீவில் வரும்போதெல்லாம் குடும்பத்தைப் பிடித்துப் பிடித்து அதற்குள் போட்டார். இன்னாருக்கு, இன்னார், இன்ன உறவு. ஒவ்வொரு உண்மையும் மூன்றே துண்டு. துண்டுகள் ஒன்றோடொன்று கோத்து வலையாகி நிற்கும். ஏபிஐ என்றொரு வாசல் வழியாகப் பள்ளிவாசல் கேட்டாலும், டோஹாவில் இருக்கும் மச்சான்மார் கேட்டாலும் அது பதில் சொல்லும். சொந்தத்தில் சந்தேகம் வந்தால் இப்போதெல்லாம் யாரும் யாருடைய வாயையும் கேட்பதில்லை.

யஹ்யா பக்கத்து வீடு. அவன் பிறந்த கையோடு அவனைப் பெற்ற ஸரீனா காய்ச்சலில் விழுந்து மாதக்கணக்கில் எழும்பவில்லை. கைக்குழந்தை பவாஸுக்கு ஒரு பக்கம், யஹ்யாவுக்கு மறுபக்கம் என்று மஸூதாதான் பால் கொடுத்தாள். மார்க்கப்படி பால் குடித்தவனும் மகன். தாயின் முகம் பார்க்கலாம், கப்றுக் குழியில் இறக்கலாம். தாயின் மகள் அவனுக்குத் தங்கச்சி, அவன் முன்னால் முக்காடு வேண்டாம். அதைத்தான் உம்மாவும் கேட்டிருந்தாள். "யஹ்யாட கை என்னத் தூக்கிப் பழகின கை. அவன்தான் எறக்கணும்." படுக்கையில் கிடந்தவளை ஆஸ்பத்திரிக்குப் போகிற த்ரீவீல் வரை சுமந்தது அவன்தானே! பவாஸ் வீடியோ கோலில் சுகம் விசாரித்தார்.

பால் கொடுத்த கதையை உம்மா பவாஸிடமும் சொன்னாள். அவர் மஸூதாவை யஹ்யாவுக்குத் தாய் என்று தட்ட, புரோகிராம் சிவப்பாகச் சீறியது. ஸரீனா ஏற்கெனவே தாயாக இருக்கிறாளாம். ஒரு ஆளுக்கு ஒரு தாய்தானாம்.

"எடுக்குதில்ல உம்மா."

"ஏன் வாப்பா, ஒங்கட மெஷினுக்குப் பால் தெரியாதா?" என்று உம்மா சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. யஹ்யாவை 'அயலவர்' என்று போட்டு மூடினார்.

முற்றத்துக்கு மய்யத்தைச் சுமக்கும் சந்தூக் வந்தது. கப்றில் இறங்குகிறவர்கள் யார் என்று பள்ளியிலிருந்து வந்தவர் கேட்க, உம்மாவின் தம்பி இத்ரூஸ் மாமா போனைப் பார்த்துப் பெயர் வாசித்தார். யஹ்யா முன்னால் வந்தான்.

"மாமா, நானும் எறங்குறேன். உம்மாட முகத்த ஒருக்காக் காட்டுங்க."

"இதுல நீங்க அயலவர் எண்டு கெடக்கே தம்பி. அந்நிய ஆம்புளக்கிக் காட்டேலாது."

"பால் குடிச்ச மகன் மாமா!" என்று கதவுக்குப் பின்னாலிருந்து நிஷ்மியா கத்தினாள்.

"நீங்க அப்பப் பொறக்கவுமில்லயே மகள். நானும் அந்தக் காலம் கலேவெலயில கடையோட கெடந்தேன். ஸரீனாவும் இப்ப உசுரோட இல்ல. பவாஸ், நீங்க மூத்தவர். உம்மா ஒங்களுக்கிட்ட அப்பிடிச் சொன்னாங்களா?"

எல்லோரும் பவாஸைப் பார்த்தார்கள். மஸூதாவின் மகன் யார் என்று கேட்டால் ஊர் யஹ்யாவைத்தான் கைகாட்டும். அது அவருக்குள் எத்தனை காலம் புளித்துக் கிடந்ததோ!

"பதிவுல இல்ல மாமா" என்றார்.

பொய்யில்லை பாருங்கள். அதுதான் கேவலம். யஹ்யா ஊராரோடு ஊராராகச் சந்தூக்குக்குப் பின்னால் நடந்தான்.

அடக்கிவிட்டுத் திரும்பிய பவாஸ் கூடத்தில் உட்கார்ந்து லெப்டொப்பைத் திறந்தார். உம்மாவை அடக்கிய செய்தியை ஏற்றினார். அதைப் புரோகிராம் மறுக்காமல் எடுத்துக்கொண்டது.

"பால் தாய் எண்டு புதுசா ஒரு உறவு சேக்கக் கஷ்டமா நானா?" என்று நிஷ்மியா கேட்டாள்.

"கஷ்டமென்ன, ரெண்டு வரி. வேணுமெண்டா இப்பப் போடுறேன்."

"இப்ப ஆருக்கு?" என்றாள்.  அவரை அடிக்கவேண்டும் போலிருந்தது.

மய்யத்து வீட்டில் அன்றைக்கு அடுப்பு மூட்டுவதில்லை. அக்கம்பக்கத்தார் சமைத்துக் கொடுப்பார்கள். மஃரிப் தொழுகைக்குப் பிறகு வாசலில் ஸலாம் கேட்டது. குசினிக் கதவால் நேரே உள்ளே வந்து பானையைத் திறந்து பார்க்கிற யஹ்யா, முன்வாசலுக்கு வெளியே சோற்றுச் சட்டியோடு நின்றான்.

"முக்காட்டப் போட்டுக்கோங்க தங்கச்சி" என்றான். பிறந்த நாளிலிருந்து அவளை 'டீ' போட்டவன். "பக்கத்தூட்டுச் சாப்பாடு கொண்டாந்தீக்கேன்."

நிஷ்மியா தலையில் எதையும் போடாமல் போய்க் கையை நீட்டினாள். அவன் நிலத்தைப் பார்த்தபடியே சட்டியைப் படியில் வைத்தான்.