செஞ்சிக்கு வந்த ரயில்

நான் பொல்லாதவள் என்று ஊரில் சொல்வார்கள். சொல்லட்டும், ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது? ஆனால் என் கொழுந்தன் நேமிநாதனுக்கு நான் செய்ததை மற்றவர்கள் வாயில் கேட்டால் அரையும் குறையுமாகத்தான் கேட்பீர்கள். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

செஞ்சிக்கு ரயில் கிடையாது. திண்டிவனம் போனால்தான் ரயிலைக் கண்ணால் பார்க்கலாம். அந்த ரயிலை நேமிநாதன் எங்கள் வீட்டுப் பின்கட்டில், மணிலாக்கொட்டை மூட்டை அடுக்குகிற அறைக்குள் கொண்டுவந்தான். விழுப்புரம் ஷெட்டில் பிட்டராக இருந்தவன். இஞ்சின் ஒன்று பின்னால் நகர்ந்ததில் வலது கால் முழங்காலோடு போய்விட்டது. அறுபத்திரண்டாம் வருஷம் கக்கத்தில் கட்டையோடு வீடு வந்து சேர்ந்தான். என் வீட்டுக்காரர் சீதளநாதன் மண்டியில் உட்காரச் சொன்னார். ஒரு வாரம் உட்கார்ந்தான், பிறகு பின்கட்டுக்குள் நுழைந்தவன் சாப்பாட்டுக்கு மட்டும்தான் வெளியே வந்தான்.

நான்கு கட்டிலைச் சேர்த்துப் போட்ட அகலத்துக்குப் பலகை. அதன்மேல் காகிதக்கூழில் எங்கள் ஊர்க் கோட்டை மலைகள், ராஜகிரியும் கிருஷ்ணகிரியும். கல்யாண மகாலைத் தீக்குச்சிகளால் மாடம் மாடமாக அடுக்கியிருந்தான். சிங்கவரம் மலைப்படி, பஸ் ஸ்டாண்டு டீக்கடை, எங்கள் மண்டி, வாசலில் நிற்கிற கட்டைவண்டி, எல்லாம் விரல் உயரம். ஊரைச் சுற்றிப் பித்தளைத் தண்டவாளம். ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிய ஓர் ஆங்கிலோ இந்திய ரயில் கார்டு, தன் மகன் விளையாடிய இஞ்சினை இவனுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். பெட்டிகளை மண்ணெண்ணெய் டின் வெட்டி இவனே செய்தான். சுவரில் வருகிற கரண்டைக் குறைத்து விட ஒரு டிரான்ஸ்பார்மரும் சுற்றினான். சுவிட்சைத் தட்டினால் தண்டவாளத்தில் கரண்டு ஓடும், இஞ்சின் விர்ரென்று கிளம்பும். கைகாட்டி இறங்கினால்தான் ஸ்டேஷனுக்குள் வரும், இல்லாவிட்டால் வெளியிலேயே நிற்கும். ஸ்டேஷன் பலகையில் செஞ்சி என்று மூன்று பாஷையில் எழுதியிருந்தான். முதல் தடவை அது ஓடியபோது, பொய் சொல்வானேன், நானே கைதட்டினேன்.

தண்டவாளத்துக்கு அடியிலுள்ள கட்டை, வீடு, மலை எல்லாவற்றையும் ஒட்டியது வச்சிரம். ஆசாரி பச்சமுத்து கொடுத்தது, பார்க்க வெல்லக்கட்டி போல இருக்கும். ஊறவைத்து, கொதிக்கிற தண்ணீருக்குள் டப்பாவை நிறுத்தி உருக்க வேண்டும். என் அடுப்பில்தான் உருக்கினான். ஏதோ மரத்துப் பிசின் என்று நினைத்துக்கொண்டிருந்தான். நாங்கள் நயினார் வீடு, சமணர்கள். தேன் தொடமாட்டோம், கிழங்கு வாங்கமாட்டோம், தண்ணீரை வடிகட்டாமல் குடிக்கமாட்டோம், பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவோம். வாய்க்குள் போகிறது என்ன என்று ஆயிரம் தடவை கேட்போம். பலகையில் ஒட்டுகிறதை யார் கேட்டார்கள்?

நான் கேட்டேன். வாடை சகிக்காமல் ஒருநாள் பச்சமுத்துவின் பெண்சாதி மீனம்பாளிடம் விசாரித்தேன். மாட்டுத்தோலும் எலும்பும் போட்டுக் காய்ச்சுவது என்று, ஏதோ புளிக்குழம்புக்குப் பக்குவம் சொல்கிற மாதிரி சொன்னாள். அன்றைக்கே மாமனாரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ரயில் முழுசாக முடிந்து பார்க்க வேண்டும் என்று எனக்கும் ஆசை. அடுப்பைக் கழுவி மெழுகிவிட்டு மூன்று மாதம் வாயைத் திறக்காமல் இருந்தேன்.

அறுபத்தாறு தை மாசம் மெட்ராஸிலிருந்து அவனுக்குக் கடிதம் வந்தது. ரயில்வே ஆட்களுக்குச் சிக்னல் பாடம் சொல்லிக்கொடுக்கிற பள்ளிக்கூடம் ஒன்று. அங்கே பாடம் நடத்த இதே மாதிரி ஒரு மேசை ரயில் வேண்டுமாம். துரைக்கண்ணு என்று ஒருத்தர் வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பார், பிடித்திருந்தால் இவனையே வேலைக்கு எடுத்துக்கொண்டு தங்க அறையும் கொடுப்பார்களாம். நேமி கடிதத்தை நாலு தடவை படித்துக் காட்டினான். "ஒத்தக்காலன யாரு அண்ணி வேலைக்கு வெப்பாங்க? இது ஒண்ணுதான் எனக்கு வழி" என்றான். அவன் சொன்னது உண்மை. அது எனக்கும் தெரியும்.

அந்த வாரம் ஊரே பின்கட்டுக்கு வந்தது. புதன்கிழமை நானும் கூட்டத்தோடு எட்டிப் பார்த்தேன். எங்கள் வீட்டு வாசலில், முதல் நாள்வரை இல்லாத ஒரு பொம்மை நின்றது. மாம்பழக் கலர் புடவை, ஒரு கை இடுப்பில், ஒரு கை நீட்டி, வாய் அகலமாகத் திறந்திருந்தது. என் புடவை, என் வாய். அரிசி மில் வீராசாமி அதைப் பார்த்துவிட்டு, இந்தம்மா ஒரு சத்தம் போட்டால் சிக்னலே வேண்டாம், ரயில் தானாக நின்றுவிடும் என்றான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நேமியும் சிரித்தான். அவன் கேலிக்குத்தான் செய்தான், ஆசையாகக்கூடச் செய்திருப்பான். நாலு வருஷம் சோறு போட்ட கைக்கு இதுதானா மரியாதை என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உப்புக்குப் பெறாத விஷயம் என்பீர்கள். உங்களைப் பார்த்து ஊர் சிரித்திருந்தால் தெரியும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மாமனார் விருஷபதாஸ் சாப்பிட்டுக் கை கழுவினதும் விஷயத்தைச் சொன்னேன். எறும்பைப் பார்த்து நடக்கிற மனிதர். முகம் சாம்பலாகிவிட்டது. எனக்கு எப்போது தெரியும் என்று கேட்டார். இன்றைக்குக் காலையில்தான் என்று கூசாமல் சொன்னேன்.

நேமியைக் கூப்பிட்டார். அவன் நம்பவில்லை. பச்சமுத்துவை வரவழைத்துக் கேட்டார்கள். ஆமாங்க, தோல்தானே என்றான் அவன், இதில் என்ன அதிசயம் என்கிற மாதிரி. நேமி சுவரைப் பிடித்துக்கொண்டான். தோல் ஒட்டியது எதுவும் இந்தக் கூரைக்குக் கீழே இருக்கக்கூடாது என்று மாமனார் சொல்லிவிட்டார்.

"நைனா, தெரியாம பண்ணிட்டேன். ஞாயித்துக்கெழம வரைக்கும் மண்டில போட்டு வெக்கிறேன். அவரு பாத்துட்டுப் போனதும் என் கையால கொளுத்திடறேன்."

மாமனார் யோசித்தார். இரண்டு நாள்தானே என்று அவர் மனசு இளகுவது எனக்குத் தெரிந்தது. மண்டியும் உங்கள் பெயரில்தானே இருக்கிறது மாமா, அங்கே இருந்தால் மட்டும் பாவம் நம்மைச் சேராதா என்று மெதுவாகக் கேட்டேன். அதோடு முடிந்தது.

வச்சிரம் வெந்நீருக்கு விட்டுக்கொடுக்கும். தண்ணீரை நானே காய்ச்சினேன், இரண்டு அண்டா. பச்சமுத்து பலகையைக் கொல்லைக்குத் தூக்கிவந்து போட்டு மொண்டு மொண்டு ஊற்றினான். முதலில் மலைகள் உட்கார்ந்தன. கல்யாண மகால் தீக்குச்சி தீக்குச்சியாகப் பிரிந்து மிதந்தது. தண்டவாளம் கட்டையை விட்டு எழும்பி வளைந்துகொண்டது. நேமி கக்கத்துக் கட்டையை ஊன்றியபடி கடைசிவரை நின்று பார்த்தான். இஞ்சினும், ஆணி அடித்த டிரான்ஸ்பார்மரும் சுவிட்சுப் பலகையும் பசை படாதவை. அவற்றை மட்டும் எடுத்துத் துடைத்து ஓரமாக வைத்தான். அந்த மஞ்சள் புடவைக்காரி எந்தச் சேற்றில் போனாளோ, நான் தேடவில்லை.

சாயங்காலம் பார்சுவநாதர் படத்துக்கு முன்னால் மாமனார் அவனை உட்கார வைத்தார். இனி வச்சிரம் தொடமாட்டேன் என்று விரதம் எடுக்கச் சொன்னார். எங்களவர்களில் விரதம் என்றால் சும்மா பேச்சில்லை, உயிர் போனாலும் மீறமாட்டார்கள். நான் அப்போதும் சும்மா இருந்தேனா? "வச்சிரம் மட்டும் போதுமா மாமா? நாளைக்கு வேற எதனா வாங்கினு வருவாரு, அதுல இன்னா இருக்குதோ. இந்த ரயில் பொம்மையே தொடமாட்டேன், கரண்டு விடமாட்டேன்னு சொல்லட்டும்" என்றேன். நேமி என்னைத் திரும்பிப் பார்த்தான். மாமனார் அழுதுகொண்டிருந்தார், சரி என்று தலையாட்டினார். அவன் ஒரு வார்த்தை விடாமல் அப்படியே சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி பஸ்ஸில் துரைக்கண்ணு வந்தார். தந்தி கொடுத்து வரவேண்டாம் என்று சொல்லக்கூட யாருக்கும் தோன்றவில்லை. கொல்லையில் கிடந்த குவியலைப் பார்த்தார். நேமி நடந்ததைச் சொன்னான், யார்மேலும் குற்றம் சொல்லாமல். அந்த மனிதர் குனிந்து சுவிட்சுப் பலகையை எடுத்துத் திருப்பினார். பின்னால் ஓடிய கம்பிகளை விரலால் தடவிக்கொண்டே போனார். தண்டவாளம் பிரிகிற இடத்துப் பாயிண்ட் தப்பாக இருந்தால் கைகாட்டி இறங்கவே இறங்காதபடி கம்பி கட்டியிருக்கிறானே, எங்கே கற்றான் என்று கேட்டார். ஷெட்டில் வேலை பார்த்தபோது பார்த்து வைத்துக்கொண்டது என்றான்.

"எனக்கு மலையும் மண்டபமும் வேணாம்பா, இது போதும். அடுத்த ஒண்ணாந்தேதி வந்து சேந்துடு. தோல் கலக்காத பசையா நானே வாங்கித் தரேன்."

நேமியின் முகம் ஒரு நொடி மலர்ந்தது. பிறகு விரதத்தைச் சொன்னான். பசை மட்டுமில்லை, கரண்டும் விடக்கூடாது என்றான்.

துரைக்கண்ணுவுக்குப் புரியவில்லை. மாமனாரைப் பார்த்தார். மாமனார் அந்தப் பாவம் தீர இரண்டு நாளாகப் பட்டினி. என்னைக் கூப்பிட்டார்.

"விரதம் குடுத்தவன் நான். தளத்தவும் என்னால முடியும். ஆனா நான் கேட்டது வச்சிரத்த மட்டுந்தான், மிச்சத்தச் சேத்தது நீ. தெரியாம செஞ்ச தப்புக்கு அது ஜாஸ்தின்னு ஒரு வார்த்த சொல்லும்மா, நான் எடுத்துடறேன்."

"அண்ணி" என்றான் நேமி. அவ்வளவுதான் சொன்னான்.

ஜாஸ்திதான். எனக்குத் தெரியாதா? வாய்வரை வந்தது. சொன்னால், அன்றைக்கு ஏன் சேர்த்தாய் என்று கேட்பார்கள். ஒரு பொம்மைக்காக என்று எந்த முகத்தோடு சொல்வேன்? அது மட்டுமில்லை. என் வீட்டுக்காரரையும் சேர்த்து நான்கு ஆம்பிளைகள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கல்யாணமாகி வந்த பதினாலு வருஷத்தில் அந்த வீட்டில் யாரும் என் பேச்சுக்காக அப்படிக் காத்திருந்ததில்லை. அந்த நேரம் எனக்கு இனித்தது, சீ, இனித்தது.

"சாமி முன்னால குடுத்த வாக்கு மாமா. கூட்டவும் கொறைக்கவும் நான் யாரு" என்றேன்.

துரைக்கண்ணு சாப்பிடாமல் மூன்று மணி பஸ்ஸுக்குப் போய்விட்டார். சுவிட்சுப் பலகையைத் தனக்குக் கொடுக்க முடியுமா என்று கேட்டார், நேமி கொடுத்துவிட்டான். அதைப் பார்த்து மெட்ராஸில் வேறு யாரோ ஒரு ரயில் செய்து பாடம் நடத்துகிறார்களாம்.

மாமனார் போன வருஷம் போய்விட்டார். இனி அந்த விரதத்தைத் தளர்த்த ஆளில்லை. நேமி மண்டிக்கும் போவதில்லை, பின்கட்டிலேயே இருக்கிறான். அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் கண்ணில் படாமல் மெட்ராஸில் இருந்திருப்பான். இப்போது மத்தியானம் ஒரு தடவை, பொழுது சாய்வதற்குள் ஒரு தடவை, என் எதிரில் வந்து உட்காருகிறான். திட்டினால் பதிலுக்குத் திட்டலாம், திட்டுவதில்லை. நான் போடுகிறேன், அவன் சாப்பிடுகிறான். போதும் என்கிற ஒரு சொல்லைத் தவிர அவன் என்னிடம் வேறு பேச்சு வைத்துக்கொள்வதில்லை. அவனுக்கு முப்பத்து மூன்று வயது, எனக்கு முப்பத்தெட்டு. இன்னும் எத்தனை வருஷம் போடவேண்டுமோ தெரியவில்லை.