ஆள் அசைந்தால் எரியும்

அவருக்குத் தெருவில் வைத்திருந்த பெயர் 'மிச்சம்'. வீட்டு உபயோக எல்.இ.டி பல்புகளை மொத்தமாக எடுத்துக் கடைகளுக்குப் போடுகிற ஏஜென்சி அவருடையது. எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் முதல் பேச்சு ஒன்றுதான். "ஒன்பது வாட். எவ்வளவு மிச்சம் தெரியுமா?" அடுத்த பேச்சும் மாறாது. "இன்னைக்கு மாட்டுங்க. உங்க பொண்ணு கல்யாணம் கட்டி, பேரன் பொறந்து, அவன் மீசை வைக்கிற வரைக்கும் ஏணியத் தொட வேணாம்." வாயுள்ள பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்பார்களே, அந்த ரகம். பொய்யும் சொல்லவில்லை. அந்தப் பல்புகள் லேசில் சாகிற ஜாதி இல்லை.

சொந்த வீட்டில் அவர் மாட்டியிருந்தது இன்னும் ஒரு படி மேல். கழுத்தில் சின்னக் கண் வைத்த பல்பு. ஆள் அசைந்தால் எரியும், அசைவு நின்று சற்று நேரமானால் தானே அணைந்துவிடும். கூடம், சமையலறை, குளியலறை, சரக்குப் பெட்டிகள் அடுக்கிய ஜன்னலில்லாத உள் அறை என்று எங்கும் அதுதான். சுவிட்சுகளைப் பிடுங்கிவிட்டு ஓட்டைகளுக்கு மூடி போட்டுவிட்டார். "பொம்பளைங்க கையில சுவிட்சக் குடுத்தா வீடு உருப்படுமா?" என்று வந்தவர்களிடம் கேட்பார். அவர்களும் காப்பி குடித்த கடனுக்குச் சிரித்து வைப்பார்கள்.

அவர் மனைவிக்கு வாசிக்கிற பைத்தியம். வேலையெல்லாம் முடிந்து ஒரு நாவலைப் பிரித்து உட்கார்ந்தால் உலகம் தெரியாது. ஆனால் வாசிக்கிறவள் அசைய மாட்டாளே. கொலைகாரன் யாரென்று தெரியப்போகிற வரியில் இருட்டிவிடும். இடது கையைத் தலைக்கு மேலே வீச வேண்டும். எரியும். நாலு பக்கம் போனால் மறுபடி இருட்டும், மறுபடி வீச வேண்டும். கல்யாணமாகி வந்த சில வருஷத்தில் இப்படி ஈ ஓட்டிக்கொண்டே வாசிக்க அவள் பழகிவிட்டாள். அவர் அதை அப்படியே விட்டிருக்கலாம். விடவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் கதவோரம் கூட்டிவந்து காட்டுவார். "இங்க பாருங்க, என் வீட்டுக்காரி லைட்டுக்கு டாட்டா காட்டுறா."

அவள் அம்மா செத்துப்போன வாரம், அழுது தீர்க்க இடமில்லாமல் உள் அறையில் பெட்டிகளுக்கு நடுவே போய் உட்கார்ந்திருந்தாள். அசையவில்லை. பல்பு அணைந்துவிட்டது. தேடி வந்தவர் கதவைத் திறந்து, வெளிச்சம் வந்ததும் அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"உள்ள ஆள் இருக்கான்னே தெரியல. பல்பு கூட உன்ன ஆளா மதிக்கல பாரு."

விளையாட்டுக்குத்தான் சொன்னார். அதில் சந்தேகமே வேண்டாம். மனுஷன் அடித்ததில்லை, குடித்ததில்லை, வெளியே கேட்டால் தங்கமான ஆள். ஆனால் அன்றைக்கு அவளுக்குள் பால் திரிந்துவிட்டது. திரிந்த பாலை எத்தனை முறை ஆற்றினாலும் பால் ஆகாது.

பிறகு ஒரு நாள் கடை வாசலில் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தபோது அவருக்குப் பக்கவாதம் வந்தது. ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பி வந்தபோது வலப்பக்கம் முழுக்கப் போயிருந்தது. இடப்பக்கமும் கழுத்தும் ஏறக்குறைய அப்படித்தான், இடது கையில் விரல் நுனி மட்டும் லேசாகத் துடித்தது. பேச்சு இல்லை. "எல்லாம் அவருக்குப் புரியும்மா, பேசிக்கிட்டே இருங்க" என்றார் டாக்டர். "உயிர் மட்டும்தான்பா மிச்சம்" என்றது தெரு.

அவள் பெட்டிகளை ஒதுக்கிவிட்டு உள் அறையில் கட்டிலைப் போட்டாள். கூடத்தில் தெரு இரைச்சல், தூசி, நோயாளிக்கு ஆகாது என்றாள். கேட்டவர்களுக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

முதல் நாள் கஞ்சி ஊட்டி, வாயைத் துடைத்து, கதவைச் சாத்திவிட்டுப் போனாள். சற்று நேரத்தில் பல்பு அணைந்தது. வெளியே நல்ல பகல். காய்கறி வண்டிக்காரன் குரல் கேட்கிறது, பள்ளிக்கூட வேன் ஹாரன் கேட்கிறது, உள்ளே கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுபோலக் கன்னங்கரேல் என்றிருந்தது. விரலை ஆட்டிப் பார்த்தார். அந்தத் துடிப்பு பல்புக்குப் பற்றவில்லை. தொண்டையிலிருந்து வந்த ஒரே சத்தத்தை எழுப்பினார். அவள் ஓடி வந்தாள், விளக்கு எரிந்தது. அவர் பல்பைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி பல்பைப் பார்த்தார். பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடப் புரிந்திருக்கும். அவளுக்கும் புரிந்தது.

"தண்ணி வேணுமாங்க?" என்று கேட்டு, ரெண்டு ஸ்பூன் ஊற்றிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு அவருக்கு வாழ்க்கையில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அந்த விளக்கு அணையாமல் இருக்க வேண்டும்.

மற்றபடி அவள் கவனிப்பில் குறை சொல்ல ஊசி முனை இடமில்லை. புரட்டிப் படுக்க வைப்பாள், முதுகுக்குப் பவுடர் போடுவாள், துணியை அப்போதைக்கப்போது மாற்றுவாள். ஒரு புண் வந்ததில்லை. வேலை முடிந்ததும் வெளியே போவாள். அவள் போன பிறகு பல்பு கொஞ்ச நேரம் யோசிக்கும், பிறகு அணையும்.

அவருடைய அக்கா ஊரிலிருந்து பார்க்க வந்தாள். தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுது ஓய்ந்து அப்படியே உட்கார்ந்திருந்தபோது இருட்டிவிட்டது.

"ஐயோ, கரண்டு போச்சா?"

"இல்ல அண்ணி. கைய வீசுங்க, வரும்."

அக்கா கையை வீசினாள். வந்தது. "என்ன கண்றாவிம்மா இது. அசையாம கெடக்குறவனுக்கு இப்படி ஒரு லைட்டா? சாதா பல்பு ஒண்ணு வாங்கிப் போடேன்."

அவர் கண் மனைவியின் முகத்தில் போய் ஒட்டிக்கொண்டது.

"அவர் கையால மாட்டுனது அண்ணி. அதக் கழட்ட எனக்கு மனசு வரல."

அக்காவுக்கு அழுகை புதிதாகப் பொங்கிவிட்டது. தம்பி மனைவியைக் கட்டிக்கொண்டாள். "உன்ன மாதிரி ஒருத்தி கிடைக்க இவன் குடுத்து வச்சிருக்கணும்மா," என்றாள். கட்டிலில் கிடந்தவர் அதையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

அவரை வீட்டுக்குக் கொண்டுவந்த வாரமே சமையலறைக்கு ஆளைக் கூப்பிட்டு ஒரு சுவிட்சும், கண் இல்லாத பல்பும் போட்டு வைத்திருந்தாள். அக்காவை வழியனுப்பிவிட்டு வந்து, அதன் கீழே கையை அசைக்காமல் உட்கார்ந்து வாசித்தாள்.

வாரம் இரண்டு முறை பிசியோதெரபி செய்ய ஒரு பையன் போல இருந்த ஆள் வந்தார். கலகலப்பானவர். "சார், இந்த லெப்ட் கைய மட்டும் நீங்க விட்டுடாதீங்க" என்று தினமும் செய்யச் சொல்லிக் கொடுத்தார். சார் விடவில்லை. கை வந்தால் வெளிச்சம் வரும் என்ற கணக்கு அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இருட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு விரலை மடக்கினார், நீட்டினார். விரல் வந்தது, பிறகு மணிக்கட்டு. வியாபாரத்தில்கூட அவர் அப்படி உழைத்ததில்லை. "என்னா வைராக்கியம் மேடம் சாருக்கு, இந்த மாதிரி பேஷண்ட நான் பாத்ததே இல்ல" என்றார் பிசியோக்காரர்.

ஒரு மத்தியானம் கை போர்வையை விட்டு ஒரு சாண் மேலே எழுந்தது. பல்பு எரிந்தது.

அவர் அழுதார். பிறகு அது அணைகிற வரை காத்திருந்து மறுபடி தூக்கினார். எரிந்தது. அன்றைக்கெல்லாம் அதே வேலை. தூக்குவதும் எரிவதும் அணைவதும் தூக்குவதுமாக, புது பொம்மை கிடைத்த பிள்ளை மாதிரி இருந்தார்.

சமையலறையிலிருந்து அவள் கதவிடுக்கில் வெளிச்சக் கோட்டைப் பார்த்தாள். உள்ளே யாரும் போகவில்லையே என்று எழுந்து வந்து கதவைத் திறந்தாள். அவர் கையைத் தூக்கிப் பிடித்திருந்தார். பாதி வாயால் சிரித்துக்கொண்டிருந்தார். பெருமையாக, வந்தவர்களுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டும்போது சிரிக்கிற அதே சிரிப்பு. பாவம், அவரிடம் இருந்தது அந்த ஒரு சிரிப்புதான்.

"அட, கை வந்துடுச்சே," என்றாள்.

போய் ஸ்டூலை எடுத்து வந்தாள். எவ்வளவு அசைவுக்கு எரிய வேண்டும் என்று வைக்க அந்தப் பல்பின் கழுத்தில் ஒரு சின்னத் திருகு உண்டு. கடைக்காரர்களுக்கு அவர் போனில் விளக்குவதைக் கேட்டுக் கேட்டு அவளுக்கும் மனப்பாடம். ஏறி நின்று அதைக் கடைசி வரை குறைத்து வைத்தாள்.

"சின்ன அசைவுக்கெல்லாம் எரிஞ்சா வீண்தானேங்க? எவ்வளவு மிச்சம் தெரியுமா?"

இறங்கி, ஸ்டூலை எடுத்துக்கொண்டு போனாள். அணைந்ததும் அவர் கையைத் தூக்கினார். எரியவில்லை. இன்னும் கொஞ்சம் உயரத் தூக்கினார். தோள் நடுங்குகிற வரை தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

ஒரு வாரம் முயன்றிருப்பார். அதற்குப் பிறகு பிசியோக்காரர் தூக்கிவிட்டால் கை எழுந்தது, விட்டால் விழுந்தது. பிறகு விரலும் நின்றுபோயிற்று.

"நல்லாத்தானே வந்துட்டு இருந்தாரு. மனச விட்டுட்டாரு மேடம்," என்றார் பிசியோக்காரர். முகம் வாடியிருந்தது. "இனிமே நான் வந்து பிரயோஜனம் இல்லைங்க. நீங்க தைரியமா இருங்க."

"என்ன பண்றது. நம்ம கையில என்ன இருக்கு?" என்று அவருக்கு டீ போட்டுக் கொடுத்து அனுப்பினாள்.

திருகைக் குறைத்து வைத்ததில் தொல்லை அவளுக்குத்தான். கஞ்சிக் கிண்ணத்தோடு உள்ளே வந்தால் எரியாது, கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கும்மி அடிக்க வேண்டும். இனிமேல் எப்படி வைத்தால் என்ன என்று ஒரு நாள் ஏறி அதை முழுசாகக் கூட்டி வைத்துவிட்டாள்.

சில நாள் கழித்து, அவள் வாசித்துக்கொண்டிருக்கையில் கதவிடுக்கில் மறுபடி வெளிச்சக் கோடு விழுந்தது. புத்தகத்தை அப்படியே போட்டுவிட்டு வந்து கதவைத் திறந்தாள். கை, காலையில் அவள் எடுத்து வைத்த இடத்தில் வைத்தபடியே கிடந்தது. பல்புக்குப் பக்கத்தில் ஒரு பல்லி ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றது, திரும்பியது, மறுபடி ஓடியது. அவர் அவளைப் பார்க்கவே இல்லை. கண் கொட்டாமல் பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது எந்தப் பக்கம் போனாலும் அவர் கண்ணும் கூடவே போயிற்று.

அவள் கொஞ்ச நேரம் நின்று அதைப் பார்த்தாள். பிறகு துடைப்பத்தை எடுத்து வந்து, சுவரைத் தட்டித் தட்டி, கதவுக்கு வெளியே போகும் வரை அதைத் துரத்தினாள். திரும்பி வந்து போர்வையை அவர் கழுத்து வரை இழுத்துவிட்டாள்.

"பல்லிங்க. விரட்டிட்டேன், பயப்படாதீங்க."