மிஸி விரதம்

ஹாப்டன் தோட்டத்துக்கு மாதம் ஒருமுறை போகும் கிளினிக் வேன் ஜனவரியிலிருந்து நின்றுவிடும் என்று கடிதம் வந்தபோது, தோட்டத்து ஆட்கள் 'மிஸி' என்று கூப்பிடும் தாதி புஷ்பாவுக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. காரணம் அப்படி. தோட்டத்தில் இனிப்பு நீர் என்கிற சர்க்கரை நோய் உள்ள இருபத்திரண்டு பேருக்கும் நோய் நல்ல கட்டுப்பாட்டில் இருப்பதால், வேனை வேறு இடத்துக்கு மாற்றுகிறார்களாம். அந்த நல்ல கணக்கை மாதாமாதம் எழுதி அனுப்பியவளே அவள்தான்.

பெருமை மத்தியானச் சாப்பாடு வரைக்கும் தாங்கியது. அப்புறம் இருசப்பனின் குதிகால் ஞாபகத்துக்கு வந்தது.

இருசப்பன் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை வெட்டுகிறவர். போன வாரம் அவருடைய சர்க்கரை ஐந்து புள்ளி நான்கு. தங்கமான கணக்கு. ஆனால் குதிகால் புண் இரண்டு மாதமாக ஆறவில்லை. வேன் நின்றால் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு அந்த மனிதர் கோலசிலாங்கூர் ஆஸ்பத்திரிக்குப் போகப் போவதில்லை. காலைத்தான் விடப்போகிறார்.

பொருந்தாத ஒன்றைக் கண்டால் புஷ்பாவுக்குச் சோறு இறங்காது. யோசிக்க யோசிக்க இன்னொன்றும் உறுத்தியது. வேன் கதவைச் சாத்தியதுமே தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் வீட்டுக்கு வீடு வடை வாசனை கிளம்பும். இத்தனை வருஷமாக அதை மோந்துகொண்டே ஊர் திரும்பியிருக்கிறாள். மூக்கு வேலை செய்த அளவுக்கு மூளை வேலை செய்யவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றாள். இருசப்பன் முன்னால் ரொட்டி சானாய் இருந்தது. அவர் மனைவி தாயம்மா, பால் தேத்தண்ணிக் குவளையைச் சோற்றுப் பானைக்குப் பின்னால் தள்ளினாள்.

"இன்னைக்கு வேன் நாள் இல்லையே மிஸி!"

"ஊசி கொண்டு வரலக்கா. ஒன்னே ஒன்னு கேக்கணும். வேன் போனதும் ஏன் எல்லார் வீட்டுலயும் வடை சுடுறீங்க?"

தாயம்மா புருஷனைப் பார்த்தாள். "விரதம் முடிக்கத்தான் மிஸி."

"என்ன விரதம்?"

"மிஸி விரதம்."

வேன் வருவதற்கு முந்தின நாள் மத்தியானத்தோடு லயம் முழுக்க அடுப்பை அணைத்துவிடுமாம். சிலர் ஒரு மாத்திரைக்கு இரண்டாகப் போட்டுக்கொள்வார்களாம். போன வருஷம் கலாவதி வரிசையில் மயங்கி விழுந்தது அதனால்தான். புஷ்பாவோ வெயில் என்று நினைத்து, எல்லாரையும் குடை கொண்டு வரச் சொல்லிப் பிரசங்கம் பண்ணியிருந்தாள்.

"யார்க்கா இதைச் சொல்லிக் குடுத்தது?"

"யாரும் இல்ல லா. நம்பர் ஏறுனா எல்லாருக்கும் முன்னாடி ஏசுவீங்கல்ல? காலை வெட்டி லோரியில ஏத்துவாங்கன்னு மோகனாகிட்ட சொன்னீங்க. ரெண்டு நாள் அழுதா."

புஷ்பாவுக்குச் சுருக்கென்றது. ஏசுவதை அக்கறை என்று நினைத்திருந்தாள். இருசப்பன் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, இன்னொரு ரத்தப் பரிசோதனை இருக்கு. மூணு மாசத்துச் சர்க்கரையையும் சொல்லிடும், ஒருநாள் பட்டினியில மாறாது. எல்லாரும் குடுக்கணும். என்ன நம்பர் வந்தாலும் நான் ஏச மாட்டேன்."

"சத்தியமா?" என்றார் இருசப்பன்.

"பத்துமலை முருகன் மேல."

இருபத்திரண்டு பேரில் பத்தொன்பது பேருக்கு மோசம். பரிசோதனை முடிவுத் தாளை எடுத்துக்கொண்டு மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குப் போனாள். டாக்டர் பிரேமினி கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்க பழைய கணக்கை நம்பித்தான் உங்க பேரை விருதுக்கு அனுப்பியிருக்கேன், புஷ்பா."

"அதைத் திரும்ப வாங்கிக்குங்க டாக்டர். அது என் வாய்க்குப் பயந்து பட்டினி கிடந்தவங்களோட கணக்கு. வேனை மட்டும் நிறுத்தாதீங்க."

டாக்டர் தாளை மறுபடி முதலிலிருந்து படித்தார். "மத்த தோட்டங்கள்லயும் இப்படித்தானா?"

"தெரியாது டாக்டர். அங்கேயும் வடை சுடுறாங்களான்னு பார்க்கணும்."

பிரேமினி சிரிக்கவில்லை. மூன்று மாதச் சர்க்கரையைப் பார்க்காமல் எந்தத் தோட்டத்து வேனையும் நிறுத்தக்கூடாது என்று அந்த வாரமே மாவட்டம் முழுக்கச் சுற்றறிக்கை போனது. விருது வேறு யாருக்கோ போனது.

ஜனவரியில் வேன் வந்தது. இருசப்பனின் விரலில் ஒரு சொட்டு எடுத்தாள். பதின்மூன்று புள்ளி எட்டு. வரிசையே மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் வாயைப் பார்த்தது. புஷ்பாவுக்கு நாக்கு அரித்தது. முருகனை நினைத்துக்கொண்டாள்.

"சாப்பிட்டீங்களாண்ணே?"

"ரெண்டு ரொட்டி, ஒரு தே" என்றார், குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர் மாதிரி.

"சரி, மருந்தை மாத்திப் பார்ப்போம். காலை நீட்டுங்க."

அன்று வேன் புறப்பட்டபோது புஷ்பா ஜன்னலை இறக்கிவிட்டு மோந்து பார்த்தாள். எந்த வீட்டிலிருந்தும் வடை வாசனை வரவில்லை.