அச்சுக்கு எண்ணெய்

மெக்கானிக் அந்த வீட்டுக்கு வந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. மனைவியின் மகள் இதுவரை அவரை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

அப்பா என்று கூப்பிட முடியாது. அவளுக்கு அப்பா இருக்கிறார், வேறு ஊரில், நல்ல வேலையில். மாமா என்று கூப்பிடு என்றாள் தாய். "சரி" என்றாள் மகள். கூப்பிடவில்லை. ஏதாவது கேட்க வேண்டுமென்றால் அவர் கண்ணில் படும் இடத்தில் வந்து நிற்பாள். அவர் நிமிர்ந்து பார்த்த பிறகுதான் பேச்சு. சில சமயம் தாய் வழியாகச் செய்தி போகும். "அவங்க சாவி மேசை மேல இருக்குன்னு சொல்லும்மா." அவர் இரண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருப்பார்.

மரியாதைக்குக் குறைவில்லை. அதுதான் அவருக்குக் கஷ்டம். தட்டை நீட்டினால் தேங்க்ஸ். கதவைத் திறந்துவிட்டால் தேங்க்ஸ். தாயோடு விடிந்தால் சண்டை, அடைந்தால் சண்டை. சீப்புக்காக, சார்ஜருக்காக, ஒன்றுமே இல்லாததற்காக. அவரிடம் மட்டும் முகம் சுளித்ததில்லை. விடுதியில் பக்கத்து அறைக்காரரிடம் அப்படித்தான் இருப்பார்கள்.

அந்த வார நடுவில் ஒரு மாலை, துணி மடித்துக்கொண்டே மனைவி சொன்னாள்.

"அவ அப்பா போன் பண்ணியிருக்காரு. அங்கயே வந்து படின்னு கூப்பிடறாராம். ஸ்கூல்கூட பேசி வெச்சாச்சாம். லீவுக்கு வரும்போதே துணிமணியெல்லாம் எடுத்துட்டு வந்துடுங்கறாராம்."

"அவ என்ன சொன்னா?"

"ஞாயித்துக்கிழமை சொல்றேன்னாளாம்."

"நீ ஏதும் சொல்லலையா?"

"போகாதேன்னு சொன்னா அன்னைக்கே கிளம்பிடுவா. நான் பெத்தது, எனக்குத் தெரியாதா?"

மெக்கானிக் ஒரு காலுறைக்கு ஜோடி தேடினார். தன்னால்தான் போகிறாளோ என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. ஜோடி கிடைத்தது. கேட்கவில்லை.

ஞாயிறு அன்று மகளுக்கு வேறு வேலை இருந்தது. வருடக் கடைசி விடுமுறைக்கு முன்னால் வகுப்பில் எல்லோரும் ஒருவருக்கொருவர் பரிசு கொடுப்பார்கள். கடையில் வாங்கிக் கொடுப்பது சோம்பேறித்தனம் என்பது அவள் கட்சி. க்ரீம் பிஸ்கட்டைச் சாக்லேட்டுக்குள் புதைத்து, மேலே பூ வைத்த மாதிரி அச்சில் வார்த்துக் கொடுக்கப்போகிறாள். பிஸ்கட்டுகளைச் சனிக்கிழமையே சுட்டு, நடுவில் க்ரீம் தடவி, ஜோடி சேர்த்துவிட்டாள். அச்சுத் தட்டுகள் இரண்டு வாங்கியிருந்தாள். தெளிந்த கெட்டிப் பிளாஸ்டிக். ஒவ்வொரு குழியின் அடியிலும் ஐந்து இதழ் விரிந்த பூ.

"அம்மா, இதைத் தேய்க்காத. பஞ்சால துடைச்சு வெச்சிருக்கேன். கீறல் விழுந்து சாக்லேட் ஒட்டிக்கிச்சுன்னா அவ்வளவுதான், பூ போச்சு."

இது தாய்க்குச் சொன்னது. மெக்கானிக் காதிலும் விழுந்தது.

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஒட்டிக்கொள்ளும், சிக்கிக்கொள்ளும், கிறீச்சிடும் எதற்கும் அவரிடம் ஒரே மருந்துதான். கல்யாணமாகி வந்த வாரமே வீட்டுக் கதவுகள் எல்லாம் சத்தமில்லாமல் திறந்தன. மனைவியின் கத்தரிக்கோல் வெண்ணெய் மாதிரி வெட்டியது. மேசை இழுப்பறையை இழுத்தால் கையோடு வந்துவிடும்.

ஞாயிறு காலை மற்றவர்கள் எழுவதற்கு முன் சமையலறைக்குப் போனார். சமையல் எண்ணெயைக் கிண்ணத்தில் ஊற்றினார். புதுப் பெயிண்ட் பிரஷ் ஒன்றைக் கழுவி உலர்த்தி வைத்திருந்தார். குழி குழியாக, இதழ் இதழாக, இடுக்கு விடாமல் தடவினார். இயந்திர எண்ணெய் போடாத அளவுக்கு அறிவு இருக்கிறதே என்று தன்னையே மெச்சிக்கொண்டார். அவளைக் கேட்டுச் செய்திருக்கலாம். ஆனால் அந்த வீட்டில் அவர்கள் இருவரும் கேட்டுக்கொள்ளும் பழக்கம் இல்லை.

மகள் எழுந்தாள். வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணம் வைத்துச் சாக்லேட்டை உருக்கினாள். குழியில் கொஞ்சம் ஊற்றி, பிஸ்கட்டை அமுக்கி, மேலே மூடி, தட்டை மேசையில் தட்டித் தட்டிக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றினாள். தெளிந்த பிளாஸ்டிக்கில் எண்ணெய் இருப்பது கண்ணுக்குத் தெரியவில்லை. இரண்டு தட்டுகளும் ஃப்ரிஜ்ஜுக்குப் போயின.

கவிழ்க்கும் நேரத்தில் மெக்கானிக் வேண்டுமென்றே ஹாலில் இருந்தார். டப்பென்று ஒரு தட்டு.

"அம்மா!"

அவர் எட்டிப் பார்த்தார். ஒன்றில்கூடப் பூ இல்லை. எண்ணெய் இதழ்களுக்குள் தேங்கியிருந்ததால் சாக்லேட் உள்ளே இறங்கவே இல்லை. முகமெல்லாம் குழி, குழியெல்லாம் பிசுக்கு. பாதி விழுந்தது, பாதி அச்சோடு நின்றது.

தாய் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். செருப்புக் கடையில் விற்பனை வேலை. விடுமுறைக் காலத்தில் ஞாயிறும் உண்டு. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தாள்.

"ஐயையோ. பூ பிடிக்கப் போய்க் குரங்காப் போச்சே."

"நீதான் சோப்புப் போட்டுத் தேச்ச!"

"நான் தொடவேயில்லடி."

"தேய்க்காதன்னு சொன்னா அன்னைக்குத்தான் தேய்ப்ப. என் பொருள்னா உனக்கு இளக்காரம். என் ஸ்வெட்டரும் அப்படித்தான் சுருங்கிச்சு."

"ஸ்வெட்டர் கதை எதுக்கு இப்ப?"

"எதுக்கா? இந்த வீட்ல எனக்குன்னு எதையும் வெச்சுக்க முடியல. நான் அங்கயே போயிடறேன். சாயந்திரம் அப்பாகிட்ட சொல்லப்போறேன்."

தாயின் கை மூன்றாம் பொத்தானில் நின்றது.

மெக்கானிக் சமையலறை வாசலில் நின்றார். பேசாமல் இருந்தால் பழி சோப்போடு போய்விடும். சொன்னால், அவள் போவதற்கு இன்னொரு காரணத்தைத் தானே எடுத்துக் கொடுத்ததாக ஆகும். வேலையில் இப்படி ஒரு இடம் வரும். எந்தப் பொத்தானை அமுக்கினாலும் லிஃப்ட் கீழேதான் போகும் என்று தெரியும். இருந்தாலும் ஒன்றை அமுக்க வேண்டும்.

"அம்மா தேய்க்கல" என்றார். "நான்தான் எண்ணெய் போட்டேன்."

இருவரும் திரும்பினார்கள்.

"எதுக்கு எண்ணெய்?" என்றாள் மனைவி.

"அச்சுக்கு. ஒட்டக் கூடாதுன்னு."

"எரியுற நெருப்புல எண்ணெய் ஊத்தறதுன்னு கேள்விப்பட்டிருக்கேன். நீங்க நேரா அச்சுலயே ஊத்திட்டீங்களா?"

மகள் அவரைப் பார்த்தாள். வழக்கமாகப் பார்க்கும் சட்டைப் பையை அல்ல. முகத்தைப் பார்த்தாள்.

"சாக்லேட் அச்சுக்கு யாராவது எண்ணெய் போடுவாங்களா? உங்களுக்கு அறிவே இல்லையா? கேட்டா வாய்ல இருக்கற முத்து உதிர்ந்துடுமா? இது என்ன லிஃப்ட்டா? நேத்து முழுக்க நின்னு பிஸ்கட் சுட்டேன், கால் வலிக்குது. நாளன்னைக்கு ஸ்கூல் கடைசி நாள். நான் என்னத்தைக் கொண்டுபோய்க் குடுப்பேன், இந்த அம்மை போட்ட மூஞ்சிங்களையா?"

இன்னும் சொன்னாள். நீளமாக, மூச்சு விடாமல், தாயைத் திட்டும் அதே குரலில், அதே கையாட்டலோடு. தாய் "ஏய், பெரியவங்கள..." என்று தொடங்கினாள். மெக்கானிக் விரலை உயர்த்தி அவளை நிறுத்தினார். அவருக்குக் காது சுட்டது. கூடவே, சொன்னால் சிரிப்பார்கள், நெஞ்சுக்குள் ஏதோ ஒரு பூட்டு லேசாக அசைந்தது. பக்கத்து அறைக்காரரை இப்படி யாரும் திட்டுவதில்லை.

"திட்டி முடிச்சாச்சா?" என்றார்.

"இல்ல."

"சரி. திட்டிட்டே சொல்லு. என்ன வாங்கணும்?"

தாய் வேலைக்குப் போனாள். நல்ல வேளையாக மகள் இரண்டு மடங்காகச் சுட்டு வைத்திருந்தாள், பிஸ்கட்டுக்குப் பஞ்சமில்லை. சாக்லேட்தான் வேண்டும்.

"நான் போய் வாங்கிட்டு வர்றேன்" என்றார்.

"வேணாம். நீங்க போனா பால் சாக்லேட் வாங்குவீங்க. இல்லன்னா கிரீஸ் டப்பா. நானும் வர்றேன்."

அடுக்குமாடியின் லிஃப்ட் கதவு மூடியது. இருவரும் எண்கள் மாறுவதைப் பார்த்தார்கள்.

"இதுக்கும் எண்ணெய்தானா?" என்றாள்.

"கயித்துக்குக் கொஞ்சம். பெட்டி ஓடுற தண்டவாளத்துக்கு. பிரேக்குக்குப் போடவே கூடாது. பிடிக்க வேண்டிய இடத்துல எண்ணெய் ஆகாது."

"தெரிஞ்சுதானே இருக்கு? அச்சும் அப்படித்தான். சாக்லேட் முதல்ல நல்லா பிடிக்கணும். அப்பதான் பூ விழும். ஆறினா அதுவா விட்டுடும்."

அவர் தலையாட்டினார். இரண்டு மாடி கழிந்தது.

"நான் அங்க போயிட்டா உங்களுக்கு நல்லதுதான?" அவள் இன்னும் எண்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "என் ரூம் கிடைக்கும்."

"எனக்கு எதுக்கு ரூம்? நாள் பூரா இந்த மாதிரி ரூம்ல ஏறி இறங்கிட்டுத்தான இருக்கேன்."

அவள் சிரிக்கவில்லை. பதிலுக்குக் காத்திருந்தாள். அவருக்குப் பெரிய வார்த்தைகள் வராது.

"நீ போயிட்டா உங்கம்மா திட்டுறதெல்லாம் எனக்கு மட்டுந்தான் விழும்" என்றார். "முழுசா வாங்க எனக்குத் தெம்பு இல்ல. இப்ப மாதிரி பாதிப் பாதியா இருந்தா பரவாயில்ல."

கதவு திறந்தது. அவள் முதலில் வெளியே போனாள்.

"பாதியெல்லாம் இல்ல" என்றாள் முன்னால் நடந்துகொண்டே. "முக்கால் எனக்கு. உங்களுக்குக் கால்தான் விழுது."

வீட்டுக்கு வந்ததும் உத்தரவுகள் தொடங்கின. அச்சுத் தட்டுகளைச் சுடுதண்ணீரில் அலசச் சொன்னாள். பிசுக்குப் போனதா என்று விரலால் தேய்த்துப் பார்க்கச் சொன்னாள். போகவில்லை, மறுபடி அலசச் சொன்னாள்.

"இப்ப துடைங்க. டவல் வேணாம், நூல் ஒட்டும். பஞ்சு. இதழுக்குள்ள. ஒரு சொட்டு தண்ணி நின்னாலும் சாக்லேட் கட்டி தட்டிடும். அப்படி இல்ல. தாங்க, காட்றேன். ஹாங், அப்படித்தான். உங்க விரல் ஏன் இவ்வளவு தடி?"

"பொறந்ததுலேர்ந்தே அப்படித்தான்."

"சுண்டுவிரலால பண்ணுங்க."

அவர் சுண்டுவிரலில் பஞ்சைச் சுற்றி ஒவ்வொரு இதழாகத் துடைத்தார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். அவள் வாங்கிப் பார்த்தாள். ஒரு குழியைத் திருப்பிக் காட்டினாள். அவர் அதை மறுபடி துடைத்தார்.

முதல் தட்டு ஃப்ரிஜ்ஜிலிருந்து வந்தது. பிளாஸ்டிக்குக்கும் சாக்லேட்டுக்கும் நடுவே மெல்லிய வெண்படலம் தெரிந்தது. அது விட்டுவிட்டதற்கு அடையாளம் என்றாள். துணி விரித்த மேசையில் கவிழ்த்து, முதுகில் ஒரே தட்டு. எல்லாம் விழுந்தன. ஐந்து இதழும் முழுசாக, சமையலறை ஜன்னல் தெரியும் அளவுக்குப் பளபளப்பு.

மெக்கானிக் ஒன்றைத் தொடப்போனார்.

"விரல் ரேகை விழும்" என்றாள். அவர் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அவள் இரண்டாம் தட்டைச் சாக்லேட்டால் மூடிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. திரையில் அப்பா என்று வந்தது. அவளுக்கு மணிக்கட்டு வரை சாக்லேட். ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் தட்டையான கத்தி.

"எடுங்க. காதுல வைங்க."

எடுத்தார். அவள் காதில் வைத்தார். அவள் வேலையை நிறுத்தவில்லை. அவர் பார்வையைச் சுவர் மேல் வைத்தார். கேட்கக் கூடாது என்றுதான் இருந்தார். ஆனால் கை நீளம் அவ்வளவுதான்.

"ஹலோப்பா... ம்... சாப்பிட்டேன்... இல்ல, சாக்லேட் பண்ணிட்டிருக்கேன்." கத்தியால் ஓரத்தை வழித்தாள். "அது வந்துப்பா... லீவுக்கு மட்டும் வர்றேன்... இல்ல, துணியெல்லாம் எடுத்துட்டு வரல... இல்லப்பா, யாரும் சொல்லிக் குடுக்கல. எனக்கு இங்கதான் படிக்கணும்."

எதிர்முனையில் நீளமாக ஏதோ கேட்டது. அவள் கத்தி நின்றது. முகம் சிறுத்தது.

"எனக்கும் உங்களைப் பிடிக்கும்ப்பா. அதான் லீவு முழுக்க வர்றேனே. பாதி இல்ல, முழுக்க."

அவள் எப்போது முடிவு செய்தாள் என்று மெக்கானிக்குக்குத் தெரியாது. லிஃப்ட்டிலா, அதற்கு முன்பா, இப்போது இந்த நிமிடத்திலா. கேட்கவும் போவதில்லை. வாயை மூடி, மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு நின்றார்.

"என்ன சத்தமா?" என்றாள் போனில். "யாரோ மூச்சு விடறாங்களா?"

அவர் மூச்சை நிறுத்தினார். அவள் ஓரக்கண்ணால் அவரைப் பார்த்தாள். உதடு ஒரு பக்கம் இழுத்தது.

"அது எங்க வீட்டு மெக்கானிக். போனைப் பிடிச்சிட்டு நிக்கறாரு, என் கையெல்லாம் சாக்லேட்டு. அப்பா, ஒண்ணு சொன்னா நம்பவே மாட்டீங்க. காலைல இவரு என்ன பண்ணாருன்னு கேளுங்க..."

அவள் சொல்லத் தொடங்கினாள். எதிர்முனையில் சிரிப்பு வெடித்தது. அவளும் சிரித்தாள், சிரித்ததில் தலை ஆடியது, போன் நழுவியது.

"ஆட்டாதீங்க. நேராப் பிடிங்க."

ஆட்டியது அவர் இல்லை. இன்னொரு கையால் தன் முழங்கையைத் தாங்கிக்கொண்டு, போனை அவள் காதோடு சேர்த்துப் பிடித்தார். தோள் வலிக்க ஆரம்பித்தது. அவள் சொல்லும் கதையில் அவர் இன்னும் பெயிண்ட் பிரஷ்ஷைக்கூட எடுத்திருக்கவில்லை.