கதவில் தொங்கிய துண்டு

மதிலுக்குள் இருக்கும் பழைய ஊரில் அவனுக்குச் சந்துப்புலி என்று பெயர். பட்டம் கொடுத்தவர்கள் கடைக்காரர்கள். வெளியூர்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு சந்து சந்தாக நுழைந்து, கடைகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் முற்றங்களைக் காட்டுவதுதான் அவன் பிழைப்பு. ஒரு முற்றம்கூட அவனுடையதில்லை. ஆனால் அவன் கைவீசி நடப்பதைப் பார்த்தால் மதிலையே அவன் தாத்தாதான் கட்டினார் என்று தோன்றும்.

பட்டன் கடை அக்காவின் முற்றம்தான் அவனுடைய துருப்புச்சீட்டு. கடையின் பின்கதவைக் குனிந்து தாண்டினால் நாலு பக்கமும் மரத்தூண், நடுவில் கிணறு, கிணற்றைச் சுற்றி நல்ல வெயில். அக்கா ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தாள்: அந்தக் கதவில் துண்டு தொங்கினால் உள்ளே வரக்கூடாது. ஏன் என்று அவன் கேட்டதில்லை. துண்டைப் பார்த்தால் பேசாமல் கூட்டத்தை வேறு பக்கம் திருப்பிவிடுவான்.

அன்றைக்கென்று பார்த்து எல்லாம் சொதப்பல். பூட்டுக்கடை முற்றத்தில் வெள்ளையடிப்பு. புத்தகம் பைண்டிங் செய்பவர் கடையைத் திறக்கவேயில்லை. கூட்டத்திலிருந்த ஒரு வாயாடி, ரகசிய முற்றம் எங்களுக்கும் ரகசியம்தானா என்று கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். புலிக்கு முகம் சுண்டிப்போயிற்று. பட்டன் கடைக்கு வந்தால் கல்லாவில் அக்கா இல்லை. பின்கதவில் துண்டு தொங்கியது. பார்த்தான், நன்றாகவே பார்த்தான். ஒரு நிமிஷம்தானே என்று துண்டை ஒதுக்கிக் கதவைத் தள்ளினான்.

வெயிலில் போட்ட நாற்காலியில் அக்காவின் வீட்டுக்காரர் உடம்பில் ஒட்டுத்துணி இல்லாமல் உட்கார்ந்திருந்தார். வாதத்தில் வலப்பக்கம் முழுக்க விழுந்துபோன உடம்பு. அக்கா அவர் முதுகுக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். மூடிக்கொள்ள அவர் கையைத் தூக்கினார். ஒரு கைதான் வந்தது. அவன் முதுகுக்குப் பின்னால் யாரோ போட்டோ எடுக்கும் சத்தம் கேட்டது. அக்கா சோப்பு நுரையோடு எழுந்து அவருக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

எல்லோரையும் வெளியே தள்ளினான். போட்டோவை அழிக்கச் சொன்னான், அழித்தார்கள். பூமி பிளந்து தன்னை விழுங்காதா என்றிருந்தது.

அதன் பிறகு அந்தத் தெருப் பக்கமே தலைவைக்காமல் சுற்றினான், கோழை. மனசு பொறுக்காமல் ஒரு காலையில் மன்னிப்புக் கேட்கத் தனியாகப் போனான். அக்கா பட்டன்களை நிறம் பிரித்துக்கொண்டிருந்தாள். பின்கதவு அகலத் திறந்திருந்தது. துண்டு இல்லை.

வழியெல்லாம் சொல்லிப்பார்த்துக்கொண்டு வந்ததை அவன் ஆரம்பிப்பதற்குள் அக்கா தலைநிமிராமல் பேசினாள்.

"எப்ப வேணா கூட்டிட்டு வாங்க தம்பி. அவரு இனிமே வெளிய வரமாட்டேன்னுட்டாரு. உள்ளயே வச்சு துடைச்சு விட்டுடறேன்."

கன்னத்தில் ஒன்று விட்டிருந்தால்கூடத் தேவலை. கால்கள் பழக்கத்தில் அவனை முற்றத்துக்குக் கொண்டுபோயின. நாற்காலியைக் காணோம். ஜன்னல் சாத்திய அறையிலிருந்து இருமல் வந்தது. கிணற்றைச் சுற்றி வெயில் அப்படியே கிடந்தது. அதில் நிற்கக் கூசி, அவன் தூணோரம் ஒதுங்கினான்.