வரைபடத்தில் ஏறிய கடல்

மாவட்டத் திட்ட அலுவலகத்தின் பெரிய மேசைமேல் விரித்திருந்த வரைபடத்தில் ஒரு நாளைக்கு ஒருமுறை கடல் ஏறி இறங்கியது. லூசியானாவின் இந்தக் கரையில் கடல் ஒருமுறைதான் ஏறும். வரைபடமும் அதற்கு மேல் ஆசைப்படவில்லை. சிவப்புக் கோட்டுக்கு வடக்கே தாள் காய்ந்தே இருந்தது, தெற்கே மட்டும் நனைந்தது. அழைத்து வந்த குழாய்க்காரர் அந்த அறையில் குழாயே இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அலுவலகத்தைப் பார்த்துக்கொண்ட மிஸ் வெர்லீன் மேசைக்கடியில் ஒரு வாளி வைத்தார். வாளியில் விழுந்த இறாலை மதியக் குழம்பில் போட்டார். எல்லோரும் சாப்பிட்டார்கள், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அந்தச் சிவப்புக் கோட்டை வரைந்தவன் பெயர் எவாரிஸ்ட் தெரியோ. லுசெல் ஓடைக்கரையில் பிறந்து, பத்தொன்பது வருடம் நகரத்தில் புவியியல் படித்தும் கற்பித்தும் இருந்துவிட்டு, மாவட்டத்தின் ஐம்பதாண்டுத் திட்டத்துக்காகத் திரும்பி வந்தவன். மண் வருடத்துக்கு எவ்வளவு தாழ்கிறது, உப்பு எவ்வளவு தூரம் உள்ளே வருகிறது என்று நான்கு வருடம் சேற்றில் நின்று அளந்தான். அதில் ஒரு பிழை கிடையாது. ஆட்கள் குடியிருக்கும் வீடு குறைந்தது இருபது உள்ள ஊரைச் சுற்றித்தான் கடலைத் தடுக்கும் வெள்ளக்கரை போடுவது, மற்றதைச் சிவப்புக் கோட்டுக்குத் தெற்கே தண்ணீருக்கு விட்டுவிடுவது என்பது திட்டத்தின் விதி. லுசெலில் நாற்பத்தொரு வீடு. எவாரிஸ்ட் இரண்டு நாள் நடந்து, இரண்டு முறை ஒவ்வொரு கதவையும் தட்டினான். ஒன்பது திறந்தன. தன் அப்பா வால்சினின் கதவும் திறக்கவில்லை. சொந்த வீட்டுக்குச் சலுகை காட்டக் கூடாது என்று அதையும் காலி என்றே எழுதினான். அது மே மாதத்தின் மூன்றாவது வாரம். இறால் பிடிக்கும் பருவம் தொடங்கும் அந்த வாரத்தில் கைக்குழந்தை உட்பட ஊரே படகில் இருக்கும், கல்யாணம்கூட வைக்க மாட்டார்கள். அவ்வளவு படித்தவன் அதை மறந்தான். இதை எழுதும்போதும் லுசெலில் பிறந்த எனக்கு ஆத்திரம் வருகிறது.

ஆகஸ்டில் திட்டத்தில் கையெழுத்தானது. மறுநாள் காலையில் வரைபடம் நனைந்தது. அந்த வாரமே வால்சினும் மகள் ஒதீலும் அலுவலகத்துக்கு வந்தார்கள்.

"கதவு பூட்டியிருந்துச்சுக்கா," என்றான் எவாரிஸ்ட்.

"மே மாசம்டா. உனக்கு நாப்பது நாள் ஆனப்பவே வலைக்கூடையில போட்டு உன்னைக் கூட்டிட்டுப் போனோம்," என்றாள் ஒதீல்.

வால்சின் வரைபடத்தில் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். "நம்ம தண்ணிதான்," என்றார். பிறகு மகனைப் பார்த்துச் சிரித்தார். "நம்ம வீட்டுல ஆளே இல்லன்னு எழுதியிருக்கியாமே. அப்ப நான் யாருடா?"

எவாரிஸ்ட் திருத்தம் கேட்டு ஏழு கடிதம் எழுதினான். திட்டம் ஐந்து வருடத்துக்கு ஒருமுறைதான் திருத்தப்படும் என்று ஏழுக்கும் ஒரே பதில் வந்தது. அதற்குள் சாலையை யாரும் செப்பனிடவில்லை, பள்ளிப் பேருந்து நின்றது, ஒவ்வொரு குடும்பமாக வடக்கே போயிற்று. ஒரு குடும்பம் போகும்போது அதன் வீட்டுக்கான கறுப்புப் புள்ளி தாளைவிட்டு மிதந்து வாளியில் விழும். மிஸ் வெர்லீன் அவற்றைக் காபி டப்பாவில் போட்டு வைத்தார். நான்காவது வருடம் வால்சின் இறந்தார். அவரைப் புதைத்த இடுகாடும் அடுத்த கோடையில் கடலுக்குள் போனது. ஐந்து வருடம் முடிந்து திருத்தம் வந்தபோது எவாரிஸ்ட் மறுபடி எண்ணப் போனான். இந்த முறை அக்டோபர் மாதத்தில், எல்லோரும் வீட்டில் இருக்கும் ஒரு மழைநாளாகப் பார்த்து. நாற்பத்தொரு கதவையும் தட்டினான். ஒன்பது திறந்தன. முதல் கணக்கே துல்லியம் என்று மேலதிகாரி பாராட்டினார். எவாரிஸ்ட் எழுந்து போய்க் கழிவறையில் அழுதான். அவ்வளவு நாள் பொய்யாக இருந்த எண்ணை உண்மையாக்கியது அவன் எழுதிய தாள்தான், வேறெதுவும் இல்லை.

அந்த நவம்பர் ஒன்றாம் தேதி, கல்லறைகளுக்கு வெள்ளையடித்து மெழுகுவர்த்தி ஏற்றும் நாளில், எங்கள் ஆட்களுக்குப் போக இடமில்லை. ஒதீல் சுண்ணாம்பு வாளியோடு திட்ட அலுவலகத்துக்கு வந்தாள். அவள் பின்னால் லுசெல்காரர்கள் முப்பது பேர். தம்பியோடு ஐந்து வருடமாகப் பேசாதவள் மேசைக்கு முன்னால் நின்று, "அப்பா எங்கடா?" என்று கேட்டாள்.

எவாரிஸ்ட் தண்ணீருக்குள் ஓர் இடத்தில் விரல் வைத்தான். அங்கே அவள் தூரிகையால் நகத்தளவு வெள்ளையடித்து, சின்ன மெழுகுவர்த்தி ஒன்றை நட்டு ஏற்றினாள்.

"கையை எடுக்காத. தண்ணி ஏறுது, அணைஞ்சிரும்," என்றாள்.

அவன் இரண்டு உள்ளங்கைகளையும் சுடரைச் சுற்றி அணையாக வைத்தான். தண்ணீர் இறங்க நான்கு மணி நேரம் ஆனது. அதுவரை அவன் அசையவில்லை. லுசெலுக்குக் கிடைத்த வெள்ளக்கரை அது ஒன்றுதான். எங்கள் ஆட்கள் மெழுகுவர்த்தியோடு வருவதால் இப்போது வருடா வருடம் அந்த நாளில் அலுவலகத்துக்கு விடுமுறை கிடையாது. தண்ணீர் எத்தனை மணிக்கு ஏறும் என்று மிஸ் வெர்லீன் முந்தின நாளே கதவில் எழுதி ஒட்டிவிடுகிறார்.